சகலையின் அட்டவணையில் மட்டும் ஆறு பேர்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை பதினொன்றே காலுக்கு என் அட்டவணையை முடித்தேன். புது ரத்த அழுத்த மாத்திரையைச் சோதனைக்காகச் சாப்பிட்ட நானூற்றுப் பன்னிரண்டு பேரில் யாருக்கெல்லாம் தலை சுற்றியது என்ற பட்டியல். நான் எழுதிய நிரல் ஒரே மூச்சில் ஓடி முடித்தது. கணினி எழுந்து நின்று என்னைக் கும்பிடாததுதான் குறை. மொத்தம் இருபத்து மூன்று பேர்.

இதே அட்டவணையை எதிர் இருக்கையில் என் சகலையும் தனியாகச் செய்துகொண்டிருக்கிறார். என் மனைவியின் தங்கை புருஷன். அலுவலக விதி அப்படி: ஒரே வேலையை இருவர், ஒருவரை ஒருவர் கேட்காமல் செய்ய வேண்டும். பிறகு இரண்டு அட்டவணைகளையும் ஒப்பீட்டு நிரலில் போட்டால் எங்கே ஒத்துப்போகவில்லை என்று அது சொல்லும். உடனே விதிமுறைப் புத்தகத்தைத் திறந்து யார் சரி என்று இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

சகலை இன்னும் பாதியில்கூட இல்லை. ஆமை என்று நான் வைத்த பெயர் இப்போது மாடி முழுக்கப் பரவிவிட்டது.

மார்ச் 6, வியாழன்

ஆமை வந்து சேர்ந்தது. ஒப்பிட்டேன். எனக்கு 23, அவருக்கு 29. ஆறு வரிகள் அவருடைய அட்டவணையில் மட்டும்.

புத்தகம் நூற்றெண்பது பக்கம். அதைப் படித்து முடிப்பதற்குள் எனக்குப் பல் கொட்டிவிடும். சாப்பாட்டு அறையில் பன்னிரண்டு பேர் முன்னால் நேராகக் கேட்டுவிட்டேன்: "சகலை, எனக்கு இருபத்து மூணு பேருக்குத்தான் தலை சுத்துது. உங்களுக்கு மட்டும் எப்படி ஆறு பேர் கூடுதலா சுத்துறாங்க? ஓ, நீங்க டைப் அடிக்கிற வேகத்தைப் பார்த்துட்டாங்களோ!"

கூரை பெயர்ந்து விழுந்திருக்கும், அப்படி ஒரு சிரிப்பு.

அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "அண்ணே, அந்த ஆறு பேருக்கும் தேதி..." என்று ஆரம்பித்தார்.

"என்ன, தேதி குறிச்சு வச்சுட்டா விழுந்தாங்க?" என்றேன். மறுபடி சிரிப்பு. அவரும் சிரித்தார்.

மார்ச் 7, வெள்ளி

காலையில் மறுபடி ஒப்பிட்டேன். அவருடையதும் 23. வித்தியாசம்: பூஜ்யம். மேலாளர் அம்மா கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். முரசு கொட்டத்தான் ஆளில்லை.

ஒரே சாயங்காலத்தில் அந்த ஆறு பேருக்கும் எப்படித் தலை தெளிந்தது? கேட்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சகலை வீட்டில் சாப்பாடு. சாப்பாட்டு அறைக் கதையை அங்கேயும் அரங்கேற்றினேன், அவருடைய குரலையும் சேர்த்து. பாதியில் கொழுந்தியாள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அவர்கள் மகள், எட்டு வயசு, கேட்டாள்: "பெரியப்பா, மெதுவா செஞ்சா தப்பா?"

பதிலுக்கு ஆமை மாதிரி நடந்து காட்டினேன். குழந்தை சிரிக்கவில்லை.

வரும் வழியில் என் மனைவி சொன்னாள்: "உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்." சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டேன்.

மார்ச் 27, வியாழன்

மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார். அவருடைய நோயாளி, எண் 207, அறுபத்தொரு வயதுப் பெண், தலை சுற்றிக் குளியலறையில் விழுந்து மணிக்கட்டு உடைந்ததாம். படிவத்தில் அதை டாக்டர் தானே எழுதிக் கொடுத்தாராம். அட்டவணையில் அந்த அம்மாவை ஏன் காணோம் என்று கேட்கிறார்.

தேடினேன். படிவத்தில் மாதம் இருக்கிறது, வருஷம் இருக்கிறது, நாள் இல்லை. எந்த நாள் என்று அந்த அம்மாவுக்கு நினைவில்லை. நாள் இல்லாத வரிகளை என் நிரல் தள்ளிவிட்டிருக்கிறது. புத்தகம், தொண்ணூற்று நாலாம் பக்கம்: நாள் தெரியாவிட்டாலும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்படி எத்தனை பேர் என்று எண்ணினேன்.

ஆறு.

"அண்ணே, அந்த ஆறு பேருக்கும் தேதி..."

மார்ச் 28, வெள்ளி

நிரல்களின் பழைய பதிப்புகள் எல்லாம் சர்வரில் இருக்கும். போய்ப் பார்த்தேன். ஆறாம் தேதி மாலை 4.10 வரை சகலையின் நிரல் சரியாக இருந்தது. 4.12க்கு ஒரு வரி கூடியிருக்கிறது: நாள் இல்லாதவற்றை நீக்கு. இரண்டே நிமிடம். ஆமை அவசரமாகச் செய்த ஒரே வேலை.

மேலாளர் அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சகலையிடம், "சரியா இருந்ததை ஏன் மாத்துனீங்க?" என்று கேட்டார்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன் மேடம்."

நான் பேசியிருக்கணும். ஊரையே கூட்டி வச்சுப் பேசுற வாய்தானே இது? எங்க போச்சு அந்த நேரத்துல? தரையைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

மார்ச் 30, ஞாயிறு

அவர்கள் கூப்பிடவில்லை. நாங்களும் போகவில்லை.

மார்ச் 31, திங்கள்

இருவருக்கும் கடிதம். எனக்குக் கவனக்குறைவு என்று. சகலைக்கு, ஒப்பிடும் முறையையே கெடுத்தது என்று. அவருக்கு வரவேண்டிய குழுத் தலைவர் பதவி போயிற்று.

ஏப்ரல் 2, புதன்

மேலாளர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தேதி குறித்த ஜோக் உட்பட. இந்த முறை சொன்னபோது அதில் ஒரு இடத்திலும் சிரிப்பு வரவில்லை. "இதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே" என்றார். சகலைக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறாராம். பதவியை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது.

சகலையிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணே" என்றார்.

"நீங்கதான் சரின்னு உங்களுக்குத் தெரியும்ல? அப்புறம் ஏன் மாத்துனீங்க?"

"தெரியும்ண்ணே. ஆனா அதை மறுநாளும் வந்து அந்தச் சாப்பாட்டு ரூம்ல சொல்லணுமே."

ஏப்ரல் 4, வெள்ளி

திருத்திய அட்டவணை போயிற்று. இருபத்தொன்பது பேர். வரிசையில் 207 இருக்கிறது. அந்த அம்மா யாருடைய வேகத்தையும் பார்த்து விழவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

சகலை கேட்டு வாங்கிக்கொண்டு இடம் மாறிவிட்டார், மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம். எதிர் இருக்கையில் எனக்குப் புது ஆள். முதல் ஒப்பீட்டிலேயே வித்தியாசம் பூஜ்யம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. புத்தகத்தைத் திறந்து மூன்று மணி நேரம் வரி வரியாகப் பார்த்தேன்.

மதியம் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்: "இல்லைங்க, என்னோடதுதான் சரி. அம்பத்திரெண்டாம் பக்கத்தை எடுங்க, சேர்ந்தே பார்த்துடுவோம்."

யாரென்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன். சகலைதான்.

பதினோரு வருஷமாக அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன். இந்தக் குரலைக் கேட்டதே இல்லை.