பெருநாள் காலைப் பரிசோதனை

1955 மே 3
கொழும்பிலிருந்து கடிதம். பள்ளிக்கூடக் கடேற் மாணவர் படைப் பயிற்றுநர்களின் சம்பளத்தையும் நியமனத்தையும் ஒழுங்குபடுத்த ஒரு மசோதா பாராளுமன்றத்துக்குப் போகிறதாம். அதற்கு முன் ஓர் அதிகாரி நேரில் பார்க்க வருகிறார். இனிப் பழைய பட்டாளத்துக்காரர்தான் பயிற்றுநராகலாம் என்றும் ஒரு பேச்சு. அப்படியானால் பட்டாளம் காணாத வாத்தியார் நான்? நாலு வருடமாகக் கல்முனை வெயிலில் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சமா?

மே 5
வரும் திகதியை நீங்களே குறித்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். அரசாங்கக் கலண்டரில் நோன்புப் பெருநாள் 24, செவ்வாய். அதற்கு முந்திய நாள், 23 என்று எழுதிப் போட்டேன். நோன்பு விடுமுறை, பையன்கள் எல்லாரும் ஊரில் இருப்பார்கள்; அவர்களிடமும் திகதியைச் சொல்லிவிட்டேன். என் மூளையே மூளை.

மே 22
இருபத்தொன்பதாம் நோன்பு. கஞ்சிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை, பள்ளிவாசலில் நகரா முரசு முழங்கியது. பிறை கண்டுவிட்டார்கள். நாளைக்கே பெருநாள், அதிகாரி வருகிற அன்றே.

"கலண்டரில பிறை பாத்த ஆள் இந்த ஊரில நீங்க ஒராள்தான்" என்றாள் சபூறா. பெண்சாதிக்குச் சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை, தபால் கந்தோர் பூட்டு, தந்தி கொடுக்கவும் வழியில்லை. பெருநாளும் அதுவுமாய்ப் பிள்ளைகளை எந்த முகத்தோடு கூப்பிடுவது? கூப்பிடமாட்டேன். போச்சு — எல்லாம் போச்சு.

மே 23, பெருநாள்
என்ன பெருநாள் இது!

தொழுகை முடிந்து தனியாக மைதானத்துக்குப் போனேன். ஜீப் நின்றது. தலைமையாசிரியர் நல்லரெத்தினம் அதிகாரிக்கு இளநீர் கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். "பிழை என்னுடையது, சேர்" என்று தொடங்கினேன்.

அப்போது பள்ளிவாசல் ஒழுங்கையிலிருந்து கட்டளைக் குரல். சீனிமுகம்மது, என் மூத்த கடேற். அவன் பின்னால் முப்பது பேர், மூன்று மூன்றாக, புதுச் சாறனும் தொப்பியுமாய், அத்தர் மணக்க. காக்கி இல்லை, சப்பாத்து இல்லை. சாறனுக்குள் கால் அகலவில்லை, நடை பாதியாகக் குறைந்துபோனது. ஆனால் முப்பது பேருக்கும் ஒரே பாதி. ஓர் அடி பிசகவில்லை.

யார் வரச் சொன்னது என்று அதிகாரி கேட்டார்.

"ஆரும் சொல்லல்ல, சேர். மாஸ்டர் திகதி தந்தவர்தானே" என்றான் சீனிமுகம்மது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதிகாரி அந்தக் கால்களையே வெகுநேரம் பார்த்து ஏதோ எழுதினார். பிறகு எங்கள் வீட்டில் பெருநாள் பலகாரமான வட்டிலப்பம் சாப்பிட்டார், இரண்டு தரம்.

ஜூன் 20
கடிதம் இல்லை.

ஆகஸ்ட் 9
வந்துவிட்டது. ஊர் ஆசிரியர்களையும் நியமிக்கலாமாம், மாதச் சம்பளமும் உண்டாம். கல்முனைக்கு ஸலாஹுதீன் மாஸ்டர் — நானேதான். அடியில் பேனாவால் ஒரு வரி: 'அடுத்த வருடப் பரிசோதனைக்கும் திகதியை நீங்களே குறித்து அனுப்பவும். வட்டிலப்பம் உள்ள நாளாகப் பார்க்கவும்.'

கலண்டரை எடுக்கப் போனேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. சபூறா கலண்டரை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வானத்தைப் பாத்துப்போட்டு எழுதுங்க."

பதில் எழுதியாயிற்று. திகதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.