பட்ஜெட் தோற்ற வருஷம்

அமெரிக்க சிட்டிசனாக இன்று மதியம் மூன்று மணிக்கு நான் முதல் முறையாக ஓட்டுப் போட்டேன். ஸ்கூல் ஜிம்மில்தான். கதவைத் திறந்ததும் தரைக்குப் போடும் பாலிஷும் ரப்பர் பந்துகளும் கலந்த அந்த வாசனை வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்மணி பெரிய புத்தகத்தைப் புரட்டி, என் பேரைக் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். அதில் ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் அவரவர் கையெழுத்தின் நகலை அச்சடித்திருக்கிறார்கள். என் பேருக்கு மூன்று வரி மேலே உன் பேர் இருந்தது. பக்கத்தில் உன் கையெழுத்து, கடைசி எழுத்தை வாலைப் போலக் கீழே இழுத்துவிட்டு. அதை ஒட்டி இன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. டிசம்பரிலேயே நீ போய்விட்டது புத்தகம் அச்சடித்தவர்களுக்குத் தெரியாது போல. பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் நின்றுவிட்டேன். பேனா எழுதவில்லையா என்று கேட்டு அந்தப் பெண்மணி வேறொன்றை நீட்டினார்.

உனக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். ஆனால் சொல்ல வேண்டியது அது மட்டும் இல்லை.

நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனைத் தாண்டி, ஹைவே ஓரத்து அபார்ட்மென்ட்டில் நாங்கள் குடிவந்தபோது, துணி துவைக்கும் ரூமில்தான் உன்னை முதலில் பார்த்தேன். நான் மாம்பலம், நீ ஈரோடு. நீ வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மருந்து கம்பெனி லேபில் வேலை, கையில் அமெரிக்கப் பாஸ்போர்ட். நான் மூன்று வயது நித்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போக அனுமதி இல்லாத விசாவில் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சேகர் விடிந்ததும் ஜெர்சி சிட்டியில் இருந்த பேங்குக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். உனக்கும் எனக்கும் ஒரே வயது என்று தெரிந்த அன்றே வாங்க போங்க போய்விட்டது.

நம் ஆட்கள் எல்லாரும் இந்த டவுன்ஷிப்புக்கு வந்ததே ஸ்கூலுக்காகத்தான். வீடு காட்டும் ஏஜென்ட் பாத்ரூமைக் காட்டுவதற்கு முன்னால் அந்த ஊர் ஸ்கூலின் நாலாம் கிளாஸ் டெஸ்ட் ஸ்கோரைச் சொல்வார். நீ அதைக் கேட்டுச் சிரிப்பாய். "அந்த நம்பர் ஸ்கூலோடது இல்லடி. பசங்களோட அப்பா அம்மா என்ன படிச்சிருக்காங்களோ, அதோட நம்பர்," என்பாய். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது ஊரின் எல்லா ஸ்கூல்களுக்குமான நிர்வாகம், நடக்கும் விதத்தை எனக்குச் சொன்னதும் நீதான். ஜனங்கள் தேர்ந்தெடுத்த, சம்பளம் இல்லாத ஒன்பது பேர் ஸ்கூல் போர்டில் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். பணத்தில் பெரும் பங்கு வீட்டு வரியிலிருந்து வருகிறது. அதனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் பட்ஜெட் ஜனங்களிடம் ஓட்டுக்கு வரும். தோற்றால் ஊரை நடத்தும் டவுன்ஷிப் கமிட்டி செலவை வெட்டச் சொல்லும், எதை வெட்டுவது என்று போர்டு பார்த்துக்கொள்ள வேண்டும். வருஷா வருஷம் பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள். இடம் இல்லாமல் விளையாட்டு மைதானத்தில் டிரெய்லர்களை நிறுத்தி அதற்குள் கிளாஸ் நடத்தினார்கள். ஆனால் ஓட்டுப் போட வந்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளை எப்போதோ வளர்த்து முடித்த ரிட்டயர் ஆனவர்கள். நம் வீடுகளில் வரி கட்டினோம், சிட்டிசன் ஆகாததால் ஓட்டு இல்லை. ஓட்டு இருந்த சில பேருக்கும் ஏப்ரலில் தேர்தல் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

நீ போர்டுக்கு நிற்கிறேன் என்று சொன்னபோது பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பிள்ளை இல்லாதவளுக்கு ஸ்கூல் போர்டு எதற்கு? உன் முகத்துக்கு நேராகக் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்கள். இரண்டு தடவை உனக்குக் கரு தங்காமல் போனது இந்த ஊரில் உன் வீட்டுக்காரரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. இரண்டாவது தடவை அவர் கலிபோர்னியாவில் இருந்தார். உன்னை ஆஸ்பத்திரிக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிக்கொண்டு போனது நான். திரும்பி வரும்போது நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறுநாள் லேபில் முடிக்க வேண்டிய வேலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாய்.

அந்த மாசி பங்குனியில் ஓட்டுக் கேட்டு நாம் இரண்டு பேரும் ஏறாத படி இல்லை. மிகக் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் நீ ஜெயித்தாய்.

எனக்கு கிரீன் கார்டு வந்த வாரமே ஸ்கூலில் வேலைக்கு அப்ளை பண்ணச் சொன்னாய். இங்கிலீஷ் தெரியாமல் வரும் பிள்ளைகளின் கிளாஸில் டீச்சருக்கு உதவியாள். எய்ட் என்பார்கள். சிபாரிசு எதுவும் பண்ண மாட்டேன், நீயே போய்ப் பேசு என்றாய். போய்ப் பேசினேன், கிடைத்தது. இந்த நாட்டில் என் முதல் வேலை.

கோயம்புத்தூரிலிருந்து வந்த பவித்ராவைப் பற்றி உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஆறு வயது. மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. பாத்ரூமுக்குப் போக வேண்டும் என்று கேட்கத் தெரியாமல், நாற்காலியிலேயே நனைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். நான் காதோடு தமிழில் கேட்டுக் கேட்டு, பிறகு அந்த ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைப் பழக்கினேன். அவள் முதல் முறையாகக் கையைத் தூக்கி அதைச் சொன்ன அன்று டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

அடுத்த ஏப்ரலில் பட்ஜெட் தோற்றது. மே மாதம் முழுவதும் ஊரே வேறு மாதிரி இருந்தது. பார்க்கிங் லாட்டில், கோயிலில், பர்த்டே பார்ட்டியில் எங்கே போனாலும் எதை வெட்டப் போகிறார்கள் என்ற பேச்சுதான். ஸ்கூலில் டீச்சர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். நீ என் வீட்டுக்கு வருவதும் குறைந்தது. வந்தாலும் ஸ்கூல் பேச்சை எடுத்தால் நித்யாவின் டான்ஸ் கிளாஸைப் பற்றிக் கேட்பாய். மூடிய கதவுக்குள் போர்டு பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீட்டிங் நடந்த அன்று மத்தியானம் நீ என் சமையலறையில் இருந்தாய். ஸ்கூல் அரை நாள். ரசம் சாதம் போட்டேன். பாதியில் வைத்துவிட்டாய். ராத்திரி மீட்டிங்குக்கு வருகிறாயா என்று கேட்டாய். வரட்டுமா என்று கேட்டேன். தட்டை எடுத்துப் போய்த் தொட்டியில் வைத்தாய். பிறகு "வராம இருந்தா நல்லது," என்றாய்.

அதனாலேயே வந்தேன்.

ஹைஸ்கூல் காஃபிடீரியாவில் உட்கார இடம் இல்லாமல் சுவர் ஓரமாக ஜனங்கள் நின்றார்கள். டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்ட் தாளைப் பார்த்து வாசித்தார். ஒன்று, எல்லா எய்ட்களையும் நிறுத்துவது. இல்லையென்றால் மூன்று எலிமென்டரி ஸ்கூல்களிலும், படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தனியாக வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் டீச்சர்களை நிறுத்துவது. இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. ஓட்டெடுப்புக்கு முன்னால் பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம்.

நான் வரிசையில் போய் நின்றேன். போர்டு உட்கார்ந்திருந்த மேடையில் ஒன்பது பேரில் நீ இரண்டாவது. என்னைப் பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்தாய். பவித்ராவைப் பற்றித்தான் பேச நினைத்தேன். அவள் பேரைச் சொல்லாமல் சொல்லவும் தொடங்கினேன். கூட்டம் அமைதியாகக் கேட்டது. நேரம் காட்டும் பச்சை விளக்கு மஞ்சளானது. நீ தலையைத் தூக்கவே இல்லை. மத்தியானம் என் தட்டில் சாப்பிட்டுக்கொண்டே எய்ட்களை நிறுத்தும் முடிவை நீ மனசில் வைத்திருந்தாய் என்று புரிந்ததும் மைக்கை இன்னும் கிட்டே இழுத்தேன். கடைசியாக ஒரு வரி சொன்னேன். சொந்தமாக ஒரு குழந்தை இல்லாத போர்டு மெம்பருக்கு, பேசத் தெரியாத குழந்தையின் தவிப்பு எப்படிப் புரியும் என்று, இங்கிலீஷில், மைக்கில், நானூறு பேர் முன்னால்.

யாரோ இரண்டு பேர் கை தட்டினார்கள். மற்றவர்கள் அசையவில்லை. நீ அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தாய். உன் முகத்தில் கோபம் இல்லை. காரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட அதே முகம்.

எய்ட்களை நிறுத்தலாம் என்று ஐந்து பேர் ஓட்டுப் போட்டார்கள். ஐந்தாவது ஓட்டு உன்னுடையது. காரணம் சொல்லலாம் என்று தலைவர் கேட்டபோது நீ இரண்டு வாக்கியம் சொன்னாய். இங்கிலீஷ் தெரியாத பிள்ளைகளுக்காகப் பேச இந்த அறையில் இன்று பெற்றோர்கள் வந்திருக்கிறார்கள். மூன்றாம் கிளாஸ் வரை வந்தும் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காகப் பேச யாரும் வரவில்லை. அது உண்மை. சுற்றிப் பார்த்தேன், நம் ஹைவே அபார்ட்மென்ட்டின் பின் பில்டிங்குகளில் இரண்டு ஷிப்ட் வேலை பார்க்கிற, அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா ஒருவரும் இல்லை.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் நாம் பேசவில்லை. கடையில் உன் காரைப் பார்த்தால் நான் வேறு கடைக்குப் போவேன். பவித்ராவுக்கு அந்த செப்டம்பர் மோசமாகத்தான் போனது. திரும்பவும் வாயை மூடிக்கொண்டாள் என்று அவள் அம்மா போனில் அழுதாள். கிறிஸ்துமஸுக்குள் தேறிவிட்டாள். பிறகு அவள் அப்பாவுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்துக் குடும்பமே போய்விட்டது. உன் பக்கத்தில் நியாயம் இருந்தது, என் பக்கத்திலும் இருந்தது. ஆனால் அந்தக் கடைசி வரிக்கு எந்த நியாயமும் இல்லை என்பது எனக்கு மீட்டிங் முடிந்து காரைத் திறக்கும்போதே தெரியும்.

பிப்ரவரியில் ஒரு நாள் லைப்ரரியில், போர்டு மினிட்ஸ், அதாவது கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்ற பதிவு, வைத்திருக்கும் பைண்டரை எடுத்தேன். நான் சொன்னது எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்கத்தான். இருந்தது. என் பேர், என் தெரு, அந்த வரி. அடுத்த மாதத்துப் பக்கத்தைப் புரட்டினேன். போன கூட்டத்தின் மினிட்ஸை ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு மெம்பர் முன்மொழிய வேண்டும் இல்லையா, முன்மொழிந்தவர் என்ற இடத்தில் உன் பேர் இருந்தது.

அங்கிருந்து நேராக உன் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்து, உள்ளே வா என்று மட்டும் சொன்னாய். என்ன சொல்வது என்று தெரியாமல் பைண்டரில் பார்த்ததைச் சொன்னேன்.

"செக்ரட்டரி வந்து அந்த வரியை எடுத்துடட்டுமான்னு கேட்டா," என்றாய். "வேணாம்னுட்டேன். ஜனங்க சொன்னதை மெம்பர் எடுக்க ஆரம்பிச்சா, நாளைக்கு யார் சொன்னதையெல்லாம் எடுப்பாங்க? அப்புறம் அடுத்த மாசக் கூட்டத்துல மினிட்ஸை ஏத்துக்கலாம்னு யாரும் வாயைத் திறக்கல. என் மூஞ்சியைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க. யாராவது மூவ் பண்ணணுமே."

"உனக்கு வலிக்கலையா?"

"வலிச்சுது. அதுக்கும் இதுக்கும் என்ன?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீ எழுந்து போய் ஒரு கட்டுத் தாளை எடுத்து வந்து மேஜையில் போட்டாய். ஓட்டுரிமை இருந்தும் பேரைப் பதிவு பண்ணாத நம் வீடுகளின் லிஸ்ட். ஏப்ரலுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது, உன் காரில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்டாய்.

அந்த ஏப்ரலில் ஓட்டுரிமை இல்லாத நான் ஓட்டுரிமை இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு மத்தியானத்திலிருந்து ஜிம்முக்கும் வீட்டுக்கும் ஓட்டினேன். பிள்ளைகளோடு இருக்க வந்து சிட்டிசன் ஆகியிருந்த அங்கிள்களும் ஆன்ட்டிகளும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒரு அங்கிள் பட்ஜெட்டுக்கு எதிராக ஓட்டுப் போட்டேன் என்று திரும்பும்போது காரில் சொன்னார், வரி அதிகமாம். அவரையும் வீட்டில் இறக்கிவிட்டேன். பட்ஜெட் ஜெயித்தது. எய்ட்களில் பாதியைத் திரும்ப எடுத்தார்கள், என்னை எடுக்கவில்லை. நீ அதற்கும் சிபாரிசு பண்ணவில்லை, நானும் கேட்கவில்லை. காலேஜில் சேர்ந்து சர்டிபிகேட் வாங்கி, பக்கத்து டிஸ்ட்ரிக்டில் டீச்சரானேன்.

போன அக்டோபரில் ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி அந்த மன்னிப்பைத் தொடங்கினேன். கண்ணை மூடிக்கொண்டே, இந்த வருஷம் உன் கிளாஸில் எத்தனை பேர் என்று கேட்டாய். பதினாறு என்றேன். அதில் பேசாத பிள்ளை உண்டா என்றாய். ஒருத்தி இருக்கிறாள் என்றேன். அவளைப் பற்றிச் சொல்லு என்றாய். சொன்னேன். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை அவளைப் பற்றியே சொன்னேன். அதற்குப் பிறகு நீ பேசும் நிலையில் இல்லை.

கேட்காமல் நின்றுபோன அந்த மன்னிப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சில சனிக்கிழமைகளில் லைப்ரரிக்குப் போகும்போது அந்த வருஷத்துப் பைண்டரை எடுக்கிறேன். நான் சொன்னதை ஒரு தடவை முழுசாகப் படிக்கிறேன். அடுத்த மாதத்துப் பக்கத்தில் உன் பேரையும் படிக்கிறேன். பிறகு மூடி, அடுத்தவர் தேடினால் கிடைக்கும்படி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகிறேன்.