எங்கள் கடைக் காற்று

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஷட்டரைத் தூக்கியதுமே இருமல். நேற்றடித்த ஹேர் ஸ்ப்ரே உள்ளேயே அடைந்து கிடந்து, கதவு திறந்ததும் நேராக என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. "ஆரம்பிச்சிட்டியா?" என்றபடி அக்கா பின்னாலேயே வந்து விளக்குகளைப் போட்டாள்.

நானும் அவளும் சேர்ந்து போட்ட கடை. முடி வெட்டுவது நான், கலர் அடிப்பது அவள். இரண்டு நாற்காலி, ஒரே நீளக் கண்ணாடி, நடுவில் கை நீட்டினால் தொடுகிற தூரம்.

பதினொரு மணி வாக்கில் மூச்சு இறுகியது. ஏப்ரன் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினேன். உட்கார்ந்திருந்த அம்மாள் கண்ணாடி வழியே என்னையே பார்த்தார். அவர் போனதும் அக்கா, "கஸ்டமர் எதிர்ல அத வாயில வைக்காதடி. ஏதோ ஒட்டுவாரொட்டின்னு நினைச்சுப்பாங்க. பாத்ரூம்ல போய் எடுத்துக்கோ" என்றாள்.

சரி என்றேன். அவள் சொல்வதும் நியாயம்தானே?

மார்ச் 5

பாத்ரூமில், ஃபினாயில் நெடிக்கு நடுவே நின்று மருந்து உறிஞ்சுகிறேன். எங்கே போய் முட்டிக்கொள்வது?

மார்ச் 8, சனி

டாக்டரம்மா என் வேலை என்ன என்று கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ப்ளீச் பவுடர் கலக்குகிற இடத்தில் நிற்பீர்களா, அன்றைக்கு இளைப்பு அதிகமாகிறதா, லீவு நாளில் குறைகிறதா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் தலையாட்ட வேண்டியிருந்தது.

தினமும் இரண்டு வேளை எடுக்க இன்னொரு இன்ஹேலர் தந்திருக்கிறார். ஸ்டீராய்டாம். முகம் ஊதிவிடுமோ, விடவே முடியாமல் போய்விடுமோ? "இதுக்குப் பயப்படாதீங்க. எடுக்காம இருக்கறதுக்குப் பயப்படுங்க" என்றார். கிளம்பும்போது, "அந்தப் பவுடர் கிட்ட நீங்க நிக்கவே கூடாது" என்றும் சொன்னார்.

மருந்தைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பஸ் ஓட்டிக் களைத்து வந்த என் வீட்டுக்காரர், லீவு நாளில் உட்காராமல் திரைச்சீலை, தலையணை உறை எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டுத் துவைத்தார். பக்கத்து வீட்டில் குப்பை கொளுத்தினார்கள். ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். பிறகு, சாத்திய அறையில் தூசி இருக்குமோ என்று திறந்தேன். மறுபடி சாத்தினேன். "ஜன்னலுக்கே மூச்சு வாங்குது பாரு" என்றார். சிரித்தேன். சிரித்ததில் இளைப்பு வந்துவிட்டது.

இனிமேல் சிரிப்பதற்கும் பயப்பட வேண்டுமா?

மார்ச் 13

அக்காவிடம் சொல்லவில்லை. ப்ளீச்சும் கலரும்தான் கடையில் பாதி வேலை. "அது வேண்டாம்" என்றால் "அப்ப நீ வேண்டாம்" என்று சொல்லிவிடுவாளோ? சொல்ல மாட்டாள். ஆனால் நினைக்கலாம் இல்லையா?

மார்ச் 19, புதன் – ஆஸ்பத்திரி

இப்போதே எழுதாவிட்டால் இது உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

திங்கட்கிழமை நடந்தது. வங்கியில் வேலை பார்க்கிற ஒரு அம்மாவுக்கு அக்கா ப்ளீச் போட்டுக்கொண்டிருந்தாள். தலையில் பாதிக்கு ஃபாயில் சுற்றியாகிவிட்டது. கலவை போதாமல் புது டப்பாவைத் திறந்து தட்டினாள். வெள்ளையாக ஒரு புகை எழும்பி என் பக்கம் வந்தது. பாத்ரூமுக்கு ஓடினேன். உள்ளே ஆள். வெளியே நின்றேன். இன்ஹேலர் கையிலேயே இருக்கிறது! அங்கேயே எடுத்திருக்கலாம். எடுக்காமல் மடச்சி மாதிரி கதவைப் பார்த்துக்கிட்டு நின்னேன் – யாராவது பார்த்துடுவாங்கன்னு.

கதவு திறந்தபோது நெஞ்சு பூட்டிக்கொண்டது. உறிஞ்சினேன், மருந்து தொண்டையைத் தாண்டவில்லை. காற்று உள்ளே போகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. அக்கா என்று கூப்பிட வாயெடுத்தேன். விசில் சத்தம்தான் வந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயோ, உதடு நீலமாகுதே!" – இது அக்கா.

"என் கார் வாசல்லதான் இருக்கு, தூக்குங்க" – இது அந்த வங்கி அம்மா.

தலை நிறைய ஃபாயிலோடு, மேலே ஒரு பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிக்கொண்டு அவரே ஓட்டினார். ப்ளீச் நெடி காருக்குள்ளும் வந்தது. எனக்கு அது ஆகாது என்று அக்கா சொல்லாமலே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டியபடியே ஓட்டினார். சிக்னலில் நின்ற ஜனங்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். சாகப்போகிறவள் கடைசியாகப் பார்ப்பது இந்தத் தொப்பியைத்தானா என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். அக்கா என் முதுகை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "விடு, மூச்ச விடு, விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முகமூடி மாட்டி, மருந்தை ஆவியாகக் கொடுத்து, கையில் ஊசி போட்டார்கள். கொஞ்சம் தெளிந்து பார்த்தால், வார்டு மூலையில் இருந்த வாஷ்பேசினில் அக்கா அந்த அம்மாவின் தலையை அலசிக்கொண்டிருந்தாள். முடி கேரட் நிறத்தில் வந்திருந்தது. அக்கா மன்னிப்புக் கேட்கக் கேட்க அவர், "முடிதானே, வளரும். அவங்களப் பாருங்க" என்றார்.

பிறகு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பாத்ரூம்ல ஆள் இருந்தா என்னடி? நின்ன இடத்துலயே எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே?"

முகமூடியை நகர்த்தி, "நீதானே..." என்றேன். மேலே பேச மூச்சு இல்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

மார்ச் 21

வீட்டுக்கு வந்தாயிற்று. ஸ்டீராய்டு இன்ஹேலரைப் பிரித்தேன். எடுத்தேன், வாய் கொப்பளித்தேன், கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். ஊதவில்லை.

அக்கா போன் செய்தாள். டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டு முடித்ததும், "நீ இப்போதைக்குக் கடைப் பக்கம் வராத" என்று வைத்துவிட்டாள்.

நினைத்தது நடந்துவிட்டது.

மார்ச் 25, செவ்வாய்

மருந்து வாங்கப் போனவள் கால் போன போக்கில் கடைத் தெருவுக்குப் போய்விட்டேன். எதிர் வரிசையில் நின்று பார்த்தேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே சுத்தியல் சத்தம். கைவண்டியில் ஒரு நாற்காலியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்னுடைய நாற்காலி. கைப்பிடியில் நான் ஒட்டிய டேப்.

வேறு ஆள் வைக்கப் போகிறாளா? கடையையே கொடுத்துவிட்டாளா? போய்க் கேட்டிருக்கலாம். இறுகிவிடுமோ என்ற பயம் நெஞ்சைப் பற்றியா, அவளைப் பற்றியா – தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 26

சாயங்காலம் அக்கா வந்தாள். கையெல்லாம் பெயின்ட்.

"உன் நாற்காலி சீட் கிழிஞ்சிருந்துதே, தைக்கக் குடுத்திருக்கேன். மேல இருக்கற சாமான் ரூமைக் காலி பண்ணியாச்சு. கலர், ப்ளீச் எல்லாம் இனிமே அங்கதான். புகைய வெளிய இழுக்கற ஃபேன் மாட்டியிருக்கேன், கதவு தனி. கீழ வெறும் வெட்டறது மட்டும். ஸ்ப்ரேயும் கிடையாது. பெயின்ட் வாடை போகட்டும், அப்புறம் வா."

"என்னை வேண்டாம்னு நீ சொல்லிட்டதா நினைச்சேன்."

"லூசு" என்றாள். அழுதது நான் இல்லை, அவள்.

ஏப்ரல் 3

அதே கட்டடம் என்றதும் டாக்டரம்மாவுக்கு அவ்வளவாகத் திருப்தி இல்லை. வேறு வேலையே நல்லது என்றார். முடியவே முடியாது என்றால் தினமும் மூச்சளக்கும் கருவியில் ஊதிப் பார்த்து அளவைக் குறிக்க வேண்டும், குறைந்தால் அன்றே நிறுத்த வேண்டும். தலையாட்டினேன். கதவு ஒருநாள் சரியாக மூடாமல் போனால்?

ஏப்ரல் 12, சனி

நல்ல கூட்டம். ஒரே மூச்சாக வெட்டினேன் என்று எழுதப் போனேன். இல்லை, நடுவே இரண்டு முறை வாசலுக்குப் போய் நின்றேன். ஊதிய அளவு குறையவில்லை. ஆனாலும் மேலே ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் கத்தரி நின்றுவிடுகிறது.

அக்காவைக் காலையில் பார்த்ததுதான். மேலே அவள் யாரிடமோ பேசுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் இடித்துக்கொண்டு நின்ற இடத்தில் இப்போது ஒரு தொட்டிச்செடி வைத்திருக்கிறாள். பூக்காத ஜாதி.

கடை மூடும் நேரம் படியில் காலடிச் சத்தம். பாதியிலேயே நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். ஏப்ரனைக் கழற்றிவிட்டு வேறு ரவிக்கை, சேலை மாற்றி, முழங்கை வரை ஈரம் சொட்டச் சொட்ட, ஈரத்தலையில் துண்டோடு நின்றிருந்தாள்.

"கீழ வரட்டுமா?" என்று கேட்டாள்.

என்னிடம் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. மெதுவாக ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தேன்.

"வாக்கா" என்றேன்.