மாதாவுக்கு எழுதிய பாட்டு

குருநகர்
24.2.1988

அன்புள்ள தங்கச்சி மரியநாயகிக்கு,

யேசு மரி சூசை உன்னைக் காக்க. மூட்டுவலி எப்படி? சண்டிலிப்பாய்க்குப் போனபிறகு நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

பெரிய வெள்ளிக்குப் பாடுகளின் கூத்தை மறுபடி ஆடச் சொல்கிறார் பங்குச் சுவாமி. கூத்து எழுதிப் பழக்கும் அண்ணாவியார் நான்தானே. பழைய கொப்பியைக் கறையான் தின்றுவிட்டது, புதிதாக எழுதுகிறேன். இம்முறை பெண்களும் மேடையேறலாமாம். சிலுவையடியில் மாதாவாக நின்று பாட நீ வரவேண்டும். ஈட்டியால் குத்திய சேவகனை மாதா மன்னிக்கிற பாட்டு. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அங்கே மீன் விற்க வரும் நீக்கிலாப்பிள்ளையிடம் பாட்டைக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன் அண்ணன்,
அடைக்கலநாதன்

சண்டிலிப்பாய்
3.3.1988

அன்புள்ள அண்ணைக்கு,

மீன் விற்க வந்த நீக்கிலாப்பிள்ளை பாட்டையும் தந்தார். மெட்டு நல்லது, அது உங்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் நான் பாடமாட்டேன்.

சிலுவையில் தொங்கியவர்தான் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். மாதா அங்கே வாய் திறந்ததாக எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. நீங்கள்தான் அவவை அவசரமாகப் பாடவைக்கிறீர்கள்.

யாருக்காக என்று எனக்குத் தெரியும். கடலுக்குப் போகவேண்டாம் என்று கடற்படை ஒலிபெருக்கியில் அறிவித்த அன்று, “கரையோரமாப் போயிட்டு வா, ஒண்டும் நடவாது” என்று என் மகன் சவிரிமுத்துவை உங்கள் வள்ளத்தில் அனுப்பினீர்கள். பிள்ளை துப்பாக்கிச் சூடுபட்டுப் பிணமாக வந்தான். செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டீர்கள், பெட்டி வாங்கினீர்கள், பூசை ஒப்புக்கொடுத்தீர்கள். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது என் பதிலை நீங்களே ராகம் போட்டு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். களைத்துப்போனேன் அண்ணை.

மரியநாயகி

குருநகர்
14.3.1988

அன்புள்ள மரியநாயகிக்கு,

தலையிடி என்று சொல்லி ஒத்திகைக்குப் போகாமல் கிடந்தேன். பாட்டைக் கிழித்துவிட்டேன். மாதா சும்மா நிற்பா; மத்தளமும் அடிக்காது. “சனத்துக்கு என்னெண்டு விளங்கும்?” என்று சுவாமி கேட்டார். “விளங்கிறவைக்கு விளங்கட்டும்” என்றேன்.

கூத்தில் எழுதுவது எனக்குச் சுலபம், உன் முகத்தைப் பார்த்துக் கதைக்கத்தான் வராது. பயந்து நின்ற பிள்ளையை நான்தான் அனுப்பினேன். என்னை மன்னிப்பாயா?

அடைக்கலநாதன்

சண்டிலிப்பாய்
25.3.1988

அன்புள்ள அண்ணைக்கு,

பெரிய வெள்ளிக்கு வருகிறேன். பாட்டில்லையென்றால் நிற்கலாம். வெள்ளைச் சேலை இருக்கிறது, வாங்கவேண்டாம். மச்சாளிடம் எனக்கும் சேர்த்துக் கஞ்சி வைக்கச் சொல்லுங்கள்.

மன்னித்தேன் என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாகத் தெரிந்தது, வெட்டிவிட்டேன். ஆனால் நீங்கள் கேட்டதை வாசித்து அழுதேன். இந்த வருடம் என்னால் இவ்வளவுதான் முடிகிறது. அடுத்த வருடம் தபசுகாலத்திலும் கேளுங்கள்.

தங்கச்சி,
மரியநாயகி