கழற்றி வைத்த மங்குகள்

கோத்தா திங்கி
ஆவணி மாதம், 1934

சிங்கப்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் புஷ்பவள்ளியின் அப்பாவுக்கு, சந்திரமதி வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சோறு தின்கிறீர்களா, இல்லை தேத்தண்ணியிலேயே காலம் தள்ளுகிறீர்களா என்பதை மறைக்காமல் எழுதவும்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இப்போது பக்கத்து நிலத்து ஹாஜி தாலிப் வீட்டு வாத்துகளை விரட்டிக்கொண்டு திரிகிறாள். மரவள்ளியைப் பன்றி தோண்டிவிட்டது. மிச்சம் இருக்கிற கிழங்கை வைத்து ஓட்டுகிறேன்.

இனி கெட்ட சேதி. கூப்பன் வந்தது. போன தடவை என்ன அளவோ அதே அளவுதான். உலகத்தில் ரப்பர் மிஞ்சிப்போச்சாம், அதனால் கூப்பனில் எழுதியிருக்கும் எடைக்கு மேலே ஒரு ரப்பர் ஷீட்டுகூட யாரும் விற்கக் கூடாதாம். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அது வந்த பிறகு விலை ஏறத்தான் செய்திருக்கிறது. ஆனால் ஏறின விலைக்கு விற்க நம் கையில் கூப்பன் இல்லையே! ஹாஜிக்கும் நமக்கும் ஒரே அளவு நிலம், ஒரே வயசு மரம். அவருக்கு நம்மைப் போல மூன்று மடங்கு கொடுத்திருக்கிறார்கள்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லாவிட்டால் என் ஆத்திரம் அடங்காது. மரங்களைப் பார்வையிட வந்த அதிகாரிக்கு ஹாஜி உள்ளதை உள்ளபடி காட்டினார். நீங்கள் என்ன செய்தீர்கள்? வரி போடத்தான் வந்திருக்கிறார்கள் என்று நீங்களே முடிவு கட்டினீர்கள். ஊரில் உங்கள் அப்பா கணக்குப்பிள்ளையிடம் விளைச்சலைக் குறைத்துக் காட்டுவாராமே, அந்தத் தந்திரத்தை இங்கே எடுத்துவிட்டீர்கள். பின் நிரை மரங்களில் பால் பிடிக்கிற மங்குகளை எல்லாம் கழற்றிக் கோழிக்கூட்டுக்குள் ஒளித்தீர்கள். வெட்டின பட்டையில் சேறு பூசினீர்கள். காய்ந்த ஷீட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினீர்கள். அதெல்லாம் வற்றிப்போன மரம் துவான், சொட்டுப் பால் வராது என்று அந்தத் துரையிடம் அழாத குறையாகச் சொன்னீர்கள். அந்த மனுஷன் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனதும் தொடையைத் தட்டிச் சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னமும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வற்றின மரத்துக்கு யார் கூப்பன் கொடுப்பார்கள்? இப்போது வீடு முழுக்க ஷீட்டுதான். மழை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து நாறுகிறது. சமைக்கிற சோற்றிலும் அந்த நாற்றம். கடைக்காரர் ருக்னுதீன் பாயிடம் கெஞ்சிப் பார்த்தேன். கூப்பன் இல்லாமல் ஒரு ஷீட்டைத் தொட்டாலும் என் லைசென்ஸ் போய்விடும் தங்கச்சி, எனக்கும் நாலு பிள்ளை இருக்கு என்று அவர் கண் கலங்கிவிட்டார். ஒரு வழி மட்டும் சொன்னார். மறுபடி பார்வையிடச் சொல்லி ஆபீசில் மனுப் போடலாமாம். இங்கிலீஷ் வருஷம் முடிவதற்குள் போட்டால்தான் அடுத்த வருஷத்துக்குச் செல்லுமாம்.

ஆகையால் கிளம்பி வாருங்கள். தோட்டத்தில் ஆள் குறைத்து எல்லாரையும் ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பியபோது நாம் போகாமல் நின்றது இந்த மூன்று ஏக்கரை நம்பித்தான். அதில் நீங்களும் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. வேறொன்றுமில்லை.

இப்படிக்கு,
உங்கள் சந்திரமதி


கோத்தா திங்கி
கார்த்திகை மாதம்

புஷ்பவள்ளியின் அப்பாவுக்கு, சந்திரமதி எழுதுவது. உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு அடுப்பில் போடலாமா என்று பார்த்தேன். உங்கள் கையெழுத்தாயிற்றே என்று வைத்துக்கொண்டேன்.

மனுப் போட்டால் முன்னே சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும், சர்க்காரிடம் பொய் சொன்னவனை உள்ளே தள்ளிவிடுவார்கள், அதனால் வாயை மூடிக்கொண்டு இரு என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லா இருக்குங்க உங்க யோசனை! உண்மையைச் சொன்னால் ஜெயில், சொல்லாவிட்டால் பட்டினி. நடுவில் நான் என்ன செய்ய? மரங்களை வெட்டிவிட்டு வேறு கன்று வைக்கலாமென்றால் அதற்கும் அனுமதி வேண்டுமாம். பால் எடுக்காமல் விட்டு வேறு வேலைக்குப் போகலாமென்றால் எந்தத் தோட்டத்திலும் புது ஆள் சேர்ப்பதில்லை. இதில் ஊருக்கே போய்விடு என்கிறீர்கள். அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்? உங்கள் அண்ணி என்னை வாசலில் நிறுத்தியே பதில் சொல்லி அனுப்பிவிடுவாள்.

பால் மட்டும் நிற்காமல் வடிகிறது. உங்கள் வற்றின மரங்கள்தான் மற்றதை விட அதிகம் கொடுக்கின்றன, தெரியுமா? எடுத்து என்ன பிரயோசனம்? இருந்தாலும் வெறுமனே உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் ஒருவன் வந்தான். கூப்பன் வேண்டாம், ஆற்று வழியாகப் படகில் கொண்டுபோய் விற்றுத் தருகிறேன், பாதி எனக்கு என்றான். உங்கள் மீசைக்குப் போட்டி போடுகிற மாதிரி மீசை. விறகுக் கட்டையை எடுத்து விரட்டிவிட்டேன். விரட்டிவிட்டு, ஐயோ, கையில் வந்ததை விட்டுவிட்டோமே என்று உட்கார்ந்து அழுதேன். இன்னொரு தடவை வந்தால் விரட்டுவேனா என்று எனக்கே நிச்சயமில்லை. இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. ஹாஜி அவர் படகை நம் வீட்டுப் பக்கம் கட்டி வைத்திருக்கிறார். பயப்பட வேண்டாம். பிள்ளை தினமும் பஸ் சத்தம் கேட்டதும் ரோட்டுக்கு ஓடுகிறாள். இன்றைக்கு வரமாட்டார் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். ஆனாலும் உங்களை ஜெயிலில் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மூடின அறையில் படுத்தால் உங்களுக்கு மூச்சு முட்டும். அதை நான் மறக்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்திரமதி


கோத்தா திங்கி
மார்கழி மாதம்

புஷ்பவள்ளியின் அப்பாவுக்கு, சந்திரமதி எழுதுவது. வெள்ளம் வடிந்துவிட்டது. வீட்டுக்குள் முழங்கால் அளவு வந்தது, வேறு சேதமில்லை. நனையாத ஷீட்டுகளைப் பரணில் அடுக்கியிருக்கிறேன்.

இனி சொல்வதைப் படித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம். நான் ஆபீசுக்குப் போனேன். மொழிபெயர்க்க ருக்னுதீன் பாய் கூட வந்தார். நிலத்துக்குச் சொந்தக்காரன் பேர் என்ன என்று மேஜையில் எழுதிக்கொண்டிருந்த கிராணி கேட்டார். நான் பாயைப் பார்த்தேன். பாய் சொல்ல வாயெடுத்தார். நீ சொல்லாதே, அந்த அம்மாவே சொல்லட்டும் என்றுவிட்டார் கிராணி. கலியாணம் ஆன நாளிலிருந்து என் வாயால் சொல்லாத பேரை, அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில், காளியப்பன் என்று சொன்னேன். உடம்பெல்லாம் கூசிப்போச்சு. மன்னிக்கவும்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக இருந்தது. அன்றைக்கு என் புருஷன் வீட்டிலேயே இல்லை, மங்குகளைக் கழற்றினது நான், சேறு பூசினது நான், வற்றின மரம் என்று சொன்னதும் நான் என்று சொன்னேன். வரிக்குப் பயந்துகொண்டு படிப்பில்லாத பொம்பளை செய்த காரியம் என்றேன். முன்னே வந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டாராம். அவர் எழுதி வைத்ததில் வீட்டுக்காரர்கள் சொன்னது என்றுதான் இருக்கிறதாம், யார் என்று இல்லை. பாய்க்கு உண்மை தெரியும். மொழிபெயர்க்கும்போது அவர் குரல் தடுமாறியது. ஆனாலும் நான் சொன்னதைத்தான் சொன்னார்.

புது அதிகாரி மறுநாளே நிலத்துக்கு வந்துவிட்டார். பின் நிரையை எல்லாம் தொட்டுப் பார்த்தார், பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். கடைசியில் ஹாஜியைக் கூப்பிட்டு, அன்றைக்கு இந்தப் பெண்ணின் புருஷன் இங்கே இருந்தானா என்று கேட்டார். ஹாஜி மக்கா போய் வந்தவர், பொய் சொல்ல மாட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. கேள்வி காதில் விழவில்லை போலிருக்கிறது என்று அந்தத் துரையும் விட்டுவிட்டார்.

இங்கிலீஷ் வருஷம் பிறந்ததும் ஹாஜிக்குக் கிடைக்கிற அதே அளவு கூப்பன் நமக்கும் கிடைக்கும். உங்கள் பேரில்தான் வரும். உங்கள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். இனி நீங்கள் யாருக்கும் பயப்பட வேண்டாம். பட்டப்பகலில் பஸ்ஸில் வந்து இறங்கலாம்.

பொய் சொன்னதைப் பற்றித் தனியாக விசாரிப்பார்களாம். திங்கட்கிழமை என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். அபராதத்தோடு விட்டாலும் விடுவார்கள் என்கிறார் பாய். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையைத் தன் வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொல்லி ஹாஜி வீட்டு அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

நீங்கள் வந்து எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லிவிடப் போகிறீர்கள் என்றால் வரவே வேண்டாம். அப்படிச் செய்தால் இரண்டு பேரும் உள்ளே போவோம், பிள்ளை தெருவில் நிற்கும். என் மேல் ஆணை. சும்மா வந்து, மரத்தைப் பார்த்துக்கொண்டு இருங்கள், அது போதும்.

அரிசி மேல் பானையில் இருக்கிறது. புஷ்பவள்ளிக்குத் தலை சீவும்போது சிக்கை நுனியிலிருந்து எடுங்கள், உச்சியிலிருந்து இழுத்தால் ஊரைக் கூட்டிவிடுவாள். மீன் முள்ளை நன்றாகப் பார்த்து எடுத்துக் கொடுங்கள். அம்மா எங்கே என்று கேட்பாள். உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாதா என்ன? அவள் நம்புகிற மாதிரி, இந்த ஒரு தடவை நன்றாகச் சொல்லுங்கள்.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

சந்திரமதி