பூட்டுமுன் உரிக்கவும்

4.8.2025, திங்கள்
கடை திறக்கும்போதே நிரோஜினி கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு வருடத்துக்கு முன் நான் பாகம் பாகமாய்ப் பூட்டிக் கொடுத்தது. "பத்து நிமிசம் ஓடுது பஸ்மியா அக்கா, பிறகு தானா நிக்குது."

பேஸ்ட் காய்ந்திருக்கும். புரோசஸருக்கும் மேலே இருக்கிற கூலருக்கும் இடையில் சூட்டைக் கடத்தப் பூசுகிற பசைதான். வெள்ளை ரியூப் மலிவு, திருகோணமலை வெக்கைக்கு நின்றுபிடிக்காது. திரவ உலோகம் என்கிற வகை அலுமினியக் கூலரை அரித்துவிடும். சாம்பல் நிறப் பேஸ்ட் எடுத்து வைத்தேன். இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

5.8, செவ்வாய்
கூலரைக் கழற்றினேன். யா அல்லாஹ்.

அடியில் பிளாஸ்டிக் தாள். புதுக் கூலரோடு ஒட்டி வருகிற, பூட்டுமுன் உரிக்கவும் என்று சிவப்பில் அச்சடித்த தாள். உரிக்கவே இல்லை; சூடு கூலருக்கு ஏற வழியே இல்லை. அதன் மேல் பேஸ்ட்டைப் பூசி — யார்? நான்தான். வேறு யார் இதில் கை வைத்தது?

அவள் கணக்கியல் சோதனையை வீட்டிலிருந்து இணையத்தில் எழுதினவள். இரண்டு தடவை நடுவில் கணினி நின்று, சோதனையும் போனது. இரண்டு தடவையும் என்னிடம்தான் கொண்டுவந்தாள். சும்மா ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "மெசினில பிழையில்ல, நீங்க பாவிக்கிற விதம்தான்" என்றேன். அவளுடைய அப்பா இரத்தினசிங்கம், "படம் பார்த்துப் பழுதாக்கிப்போட்டாள்" என்று கடைக்குள்ளேயே ஏசினார். நான் வாய் திறக்கவில்லை.

தாளை உரித்து மேசையில் வைத்தேன்.

6.8, புதன்
தாளை எறிந்துவிட்டுப் பேஸ்ட்டைப் போட்டுக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? — சீ.

7.8, வியாழன்
நிரோஜினியைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதை வாங்கிச் சிவப்பு எழுத்தை வாசித்தாள்.

"நான் சோதினைய விட்டிட்டன் அக்கா. இத விக்கத்தான் திருத்தத் தந்தனான்."

கதிரையை இழுத்து அவளுக்குப் போட்டேன்.

"பிழை என்னிலதான், எனக்கு ஏலாது எண்டுதான் நினைச்சனான்" என்றாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "அப்பாட்டயும் சொல்லுங்கோ. நான் சொன்னா நம்பமாட்டார்."

ஓம், சொல்றன் என்றேன்.

8.8, வெள்ளி
அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இரத்தினசிங்கம் ஐயா கதிரையிலிருந்து எழும்பி உள்ளே போய்விட்டார்.

11.8, திங்கள்
நிரோஜினி வந்தாள். விற்கவில்லையாம். டிசம்பர் சோதனைக்குப் பெயர் பதிந்துவிட்டாளாம்.

பேஸ்ட் ரியூபை எடுத்தேன். "தாங்கோ, நான் போடுறன்" என்று என் கையிலிருந்து வாங்கினாள். கூலரின் அடியை விரலால் இரண்டு தரம் தடவிப் பார்த்தாள். பிறகுதான் பேஸ்ட். ஒரு பயறளவு போதும்; அவள் போட்டது கொஞ்சம் கூடிப்போனது.

கூலரைப் பூட்டத் திருப்புளியை அவளிடமே நீட்டினேன்.