துவைத்த தலையணை உறை

மார்ச் 3, செவ்வாய்

பார்சல் வந்தது. எங்கள் குழந்தைகள் இல்லத்து வாலுவைத் தத்தெடுக்கப் போகிறவள் கடல் தாண்டி அனுப்பியது. ஒரு போட்டோ ஆல்பம், ஒரு தலையணை உறை. ஒரு மாதம் அவள் தலை வைத்துப் படுத்த உறையாம். புது அம்மாவின் வாசனை பிள்ளைக்கு இப்போதே பழக வேண்டுமாம். இல்லத்தை நடத்தும் சிஸ்டர் சொன்னார்: "துவைச்சுடாதே. அப்படியே அவ தலைக்கடியில போடு. தினமும் ஆல்பத்தைக் காட்டி அம்மான்னு சொல்லிக் குடு."

பிறந்த பதினோராம் நாள் சர்ச் வாசலில் கிடந்தவளை என் கையில்தான் கொடுத்தார்கள். மூன்றரை வருஷம். வயிற்றுப்போக்கு, அம்மை, காதுவலி, எல்லாம் நான்தான் பார்த்தேன். ஆனால் வளர்க்கிறவர்களை 'அக்கா' என்றுதான் கூப்பிட வேண்டும், இது இல்லத்து விதி. நான் அக்கா. போட்டோவில் பல்லைக் காட்டுகிறவள் அம்மா.

மார்ச் 9, திங்கள்

"இது யாரு?"

"அம்மா."

"இது?"

"நாய்."

நாய்க்கு மட்டும் முத்தம் கொடுத்தாள். மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

மார்ச் 12, வியாழன்

இன்று அவளாகவே அந்தப் பெண்ணின் போட்டோவுக்கு முத்தம் கொடுத்தாள். வயிறு பற்றி எரிந்தது. யாரைக் குறை சொல்ல? நான் சொல்லிக் கொடுத்த பாடம்தானே. சொந்தச் செலவில் சூனியம்.

மார்ச் 15, ஞாயிறு

உறையைத் துவைத்துவிட்டேன்.

வாலு பாலைக் கொட்டிவிட்டாள் என்று சிஸ்டரிடம் சொன்னேன். அவள் கொட்டவில்லை. காலையில் பிரசங்கம் பத்துக் கட்டளைகளைப் பற்றி. 'பிறனுக்கு உள்ளதை இச்சிக்காதே' என்ற கடைசிக் கட்டளை வந்தபோது என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16, திங்கள்

காய்ந்த உறையை என் தலையணைக்குப் போட்டுக்கொண்டேன். சும்மா, ஒரு வாரம்.

மார்ச் 25, புதன்

திரும்ப வாலுவின் தலைக்கடியில் வைத்தேன். முகர்ந்து பார்த்தாள். "அக்கா" என்றாள். அப்படியே தூங்கிப்போனாள்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் உறைத்தது. அங்கே போய் அந்தப் பொம்பளைகிட்ட ஒட்டாமப் போயிட்டா? ராத்திரி அழுதா யார்கிட்ட போவா? பாவி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன் நான்—

சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். நாளைக்கு.

ஏப்ரல் 18, சனி

சொல்லவில்லை. இன்று வந்து கூட்டிப்போய்விட்டார்கள்.

அந்தப் பெண் போட்டோவில் இருந்ததைவிட வயதானவள். பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் இரண்டு தரம் கை மாற்றினாள். வாலு உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீயும் வண்டியில ஏறு" என்று கத்தினாள். நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவி வைத்திருந்த பாத்திரங்கள்தான்.

மே 6, புதன்

வாலுவின் கட்டிலுக்குப் புதுக் குழந்தை வந்திருக்கிறது. நான் இன்னும் தூக்கவில்லை.

ஜூன் 11, வியாழன்

கடிதம் வந்தது. சிஸ்டருக்கு இல்லை, எனக்கு. சிஸ்டர்தான் தமிழில் படித்துச் சொன்னார்.

"மூணு வாரம் என்னைத் தொடவே விடலை. உறையை முகத்துல மூடிக்கிட்டாத்தான் தூங்குவா. ஒருநாள் நானும் முகர்ந்து பார்த்தேன். அது என் வாசனை இல்லை. யாரோடதுன்னு புரிஞ்சுது. அதை எடுத்து என் தோள்மேல போட்டுக்கிட்டேன். அன்னைக்குத்தான் முதல்முதலா என்கிட்ட வந்தா. இப்ப வாசனை குறைஞ்சுக்கிட்டே வருது. இன்னொண்ணு அனுப்புவீங்களா?"

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பால் கொட்டிச்சுன்னு சொன்னியே?"

"கொட்டலை, சிஸ்டர்."

கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். "அலமாரியில புது உறை இருக்கு. எடுத்துக்கோ."

ஜூன் 16, செவ்வாய்

பொறாமை போய்விட்டதா? எங்கே போகும். இப்போது வாலு அவளை 'அம்மா' என்று கூப்பிடுகிறாளாம், கடிதத்தின் கடைசியில் அதையும் எழுதியிருக்கிறாள். அந்த வரியை நினைத்தாலே எரிகிறது.

புது உறையில் இன்றோடு ஐந்து நாள். காலையில் துணி துவைக்கிற பெண் கட்டில் கட்டிலாக அழுக்குத் துணி எடுத்துக்கொண்டே வந்தாள். என் தலையணைமேல் கையை வைத்தாள்.

"அதைத் தொடாதே," என்றேன். "ஒரு மாசத்துக்குத் துவைக்கக் கூடாது."